பிரதம விருந்தினர் இல்லாத ஒரு பின்னேரம்: உவர்மலையில நடந்த ஒரு கலை மாலை பத்தின நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில கலைவிழா எண்டா என்ன நடக்கும் எண்டு எங்க எல்லாருக்கும் மனப்பாடம். நோட்டீஸில நாலு மணி எண்டு இருக்கும், அஞ்சரைக்குத்தான் பிரதம விருந்தினர்ட வாகனம் வரும், அதுவரைக்கும் மேக்கப் போட்ட சின்னப் பிள்ளையள் பக்கத்து வகுப்பறையில வேர்த்து வடிஞ்சு குந்திக்கொண்டு இருக்குங்கள், பிறகு மாலை, மங்கள விளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுச்சின்னம் எண்டு எல்லாம் முடிஞ்சு முதலாவது டான்ஸ் வரேக்க இருட்டிப் போயிருக்கும். தன்ட பிள்ளை ஆடி முடிஞ்ச கையோட தாய் தகப்பன் பிள்ளையக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டிருவாங்க, கடைசியா ஆடுற பிள்ளைக்கு முன்னால வெறுங் கதிரையும் நன்றியுரை சொல்ல நிக்கிற மனுசனும்தான் மிச்சம்.

நான் எழுதப் போறது போன ஆனி மாசம் உவர்மலையில ஒரு வளவுக்குள்ள நடந்த வேற மாதிரியான ஒரு பின்னேரத்தைப் பத்தி. சங்கம் கழகம் ஒண்டும் நடத்தேல்ல, பேர் வைக்கேல்ல, பேனரும் அடிக்கேல்ல, நூறு பேருக்குக் கிட்ட வந்திருப்பாங்க. வயர் இழுத்த கூட்டத்தில நானும் ஒரு ஆள். முடிஞ்சாப் பிறகு வந்த ஆக்களோட ஆறுதலா இருந்து கதைச்சும் பாத்தன், ஏனெண்டா அண்டைக்கு அந்த வளவில இருந்த சந்தோசத்தை நான் வேற கலைவிழாக்கள்ல கண்டதில்ல, அது எங்கயிருந்து வந்தது எண்டு அறிய வேணும் போல இருந்தது. எனக்குப் பட்டத முதலே சொல்லீடுறன்: பாக்க வந்த ஆக்கள் எல்லாருக்கும் கையிலயோ வாயிலயோ ஒரு வேலை இருந்தது.

முதல்ல ஊரைப் பத்திக் கொஞ்சம்

வெளியூர் ஆக்களுக்கு இது விளங்க வேணும் எண்டா பின்னேரம் எண்டது எங்களுக்கு எவ்வளவு காலம் இல்லாமக் கிடந்தது எண்டு தெரிய வேணும். எண்பதுகள்ல தொடங்கி 2009 வரைக்கும் யுத்தத்தால இருட்டினாப் பிறகு கேற்றைப் பூட்டிப் பழகின ஊர் இது, ஊரடங்கு, செக்பொயின்ற், ரவுண்டப் எண்டு ஒரு தலைமுறையே ஆறு மணிக்கு மேல வெளியில நிக்கிறதை ஒரு ஆபத்தாத்தான் படிச்சது. தண்ணிக்கு அங்கால இருக்கிற கிண்ணியா ஆக்களுக்கு அதுக்கு மேல பாதைப் பிரச்சினை, பாதை எண்டது ஆக்களை ஏத்திக்கொண்டு தண்ணியைக் கடக்கிற மிதவை, அது நிண்டா அங்கால போக வழியில்ல, அதால டவுனில எந்த நிகழ்ச்சிக்கு வந்தாலும் கண் மணிக்கூட்டிலதான் இருக்கும். 2009 கடைசியில 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தாப் பிறகுதான் இரவு ஒம்பது மணிக்கும் மோட்டச்சைக்கிளில வீட்ட போகலாம் எண்டு ஆச்சு. கலைக்கும் பாலத்துக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேக்கிறவங்களுக்கு, அண்டைக்குக் களிகம்பு, அதாவது கம்பாட்டம், அடிச்ச பொடியன்மார் எல்லாரும் அந்தப் பாலத்தால வந்தவங்கதான்.

மற்றது ஆக்கள். 2012 குடிசன மதிப்பீட்டில மாவட்டத்தில மூண்டு லட்சத்து எண்பதாயிரம் பேருக்குக் கிட்ட, முஸ்லிம், தமிழ், சிங்களம் எண்டு மூண்டு சமூகம், ஒண்டும் அரைவாசிக்கு வராது. அதுக்குள்ள பழையூத்துப் பக்கம் போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கி ஆக்கள் கொஞ்சம், இண்டைக்கும் வீட்டுக்குள்ள போர்த்துக்கேயப் பாசை கதைக்கிற குடும்பங்கள். சந்தையில, ஆஸ்பத்திரியில, பஸ்ஸில எல்லாரும் எல்லாரையும் காணுறம், விலை கேக்கிறம், வழி சொல்லுறம். ஆனா பள்ளிக்கூடம் வேற வேற, பெருநாள் வேற வேற, பின்னேரமும் வேற வேற. பக்கத்து வீட்டு ஆள்ட மகள் என்ன படிக்கிறாள் எண்டு தெரியும், அந்த வீட்டில என்ன பாட்டுப் பாடுவாங்க எண்டு தெரியாது.

தொடங்கினது எப்பிடி

தொடங்கினது பென்சன் எடுத்த ஒரு சங்கீத ரீச்சர். அவட வளவு பெருசு, நடுவில ரெண்டு வேம்பு, ஒரு மாமரம், முன்னால பெரிய விறாந்தை. அவவுக்கு ஒரு ஆதங்கம், முப்பது வருசத்துக்கு மேல பிள்ளையளுக்குப் பாட்டுப் படிப்பிச்சவ, அதுகள்ல பாதிக்கு மேல சோதனை முடிஞ்ச அண்டோட வாயைத் திறக்கேல்ல எண்டு. "மேடை இருந்தாத்தான் பாடுவம் எண்டு நாங்கதானே பழக்கினம்" எண்டு அடிக்கடி சொல்லுவா. பழையூத்தில இருந்து வயலின் அடிக்கிற அங்கிள் ஒருத்தரை அவவுக்கு முந்தியே தெரியும், அவர்ட கஃபரிஞ்ஞா, பறங்கி ஆக்கள்ட ஆட்டப் பாட்டு, கலியாண வீட்டில மட்டும்தான் கேக்கலாம், கலியாணமும் குறைஞ்சு போச்சு. கிண்ணியாவில களிகம்பு பழக்கிற மாஸ்டர் ஒருத்தர், ரீச்சர்ட பழைய மாணவி ஒராள் அங்க படிப்பிக்கிறதால வந்த தொடர்பு. சம்பூர்ப் பக்கத்து அண்ணாவியார், கூத்துப் பழக்கிறவர், ஒருத்தர், 2006ல அங்கயிருந்து எழும்பி முகாம் முகாமா இருந்து பத்து வருசத்துக்குக் கிட்டச் செண்டு திரும்பிப் போன ஆக்கள்ல ஒராள், அவர்ட மத்தளம் அந்த ஓட்டத்தில போனது, இப்ப அடிக்கிறது கோவிலில கேட்டு வாங்கினது. அதே ஒழுங்கையில இருக்கிற சிங்களக் குடும்பம் ஒண்டு, ஐயா ரயில்வேயில வேலை செய்து பென்சன் எடுத்தவர், அம்மாட்ட வீட்டில பெரிய றபான், கையால அடிக்கிற வட்டத் தோல் மேளம், ஒண்டு இருக்கு எண்டு ஆருக்கும் அதுவரைக்கும் தெரியாது.

ரீச்சர் போட்ட சட்டம் ஒண்டே ஒண்டுதான். சும்மா இருந்து பாக்கிற ஐட்டம் வேணாம். ஆர் என்ன செய்தாலும் இருக்கிற ஆக்களுக்குச் செய்ய ஏதாவது குடுக்க வேணும், பிற்பாட்டு, கைதட்டு, ஆட்டம், எதுவெண்டாலும் சரி. கேக்க நல்லா இருக்கு, ஆனா முதல் சண்டையே இதுலதான் வந்தது. பரதம் படிக்கிற பிள்ளை ஒண்டு, அரங்கேற்றம் முடிச்சது, அதிண்ட தாய்க்கு இது பிடிக்கேல்ல, பரதத்தில சனம் என்னத்தைச் சேந்து செய்யிறது, இது என்ன விளையாட்டோ எண்டு கேட்டா. கேள்வி நியாயம்தான். பிள்ளைதான் வழி கண்டுபிடிச்சது, ஆட முதல் மத்ஸ்யம், அலபத்மம், மயூரம் எண்டு கொஞ்ச முத்திரையை எல்லாருக்கும் காட்டிக் குடுக்கிறன், பாட்டில அந்த இடம் வரேக்க எல்லாரும் கையைத் தூக்கட்டும் எண்டு.

ரெண்டாவது சண்டை எதோட தொடங்கிறது எண்டு. எங்கட ஊர் அரச விழாவுகள்ல ஒரு வாய்ப்பாடு இருக்கு, நாலு சமயத்துக்கும் ஒவ்வொரு ஆள், ஒவ்வொரு நிமிசம், ஒராள் பேசேக்க மற்ற மூண்டு பேரும் போனைப் பாப்பாங்க. எனக்கு அந்த வாய்ப்பாட்டில துளியும் நம்பிக்கை இல்ல. கடைசியில ரீச்சர் சொன்னது, சமயமா எடுக்க வேணாம், ஊரைப் பாடின பாட்டு எண்டு எடுப்பம், ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில கோணேசர் கோவில் இருக்கிற கோணமாமலையைப் பாடின பதிகத்தோட தொடங்குவம் எண்டு. அதுக்கும் ஒரு மறுப்பு வந்தது, பண் தெரிஞ்ச வாத்தியார் ஒராள், அந்தப் பதிகம் புறநீர்மைப் பண், பூபாள ராகம், விடியக்காலையில பாடுறது, பின்னேரம் அஞ்சு மணிக்கு எப்பிடிப் பாடுறது எண்டார். ரீச்சர் "அப்ப விடிய அஞ்சு மணிக்கு வாங்கோ, ஆர் வருகினம் எண்டு பாப்பம்" எண்டா. விசயம் அதோட முடிஞ்சுது.

ஒழுங்குகளைச் சுருக்கமாச் சொல்லுறன். மேடை இல்ல, படங்கு விரிச்சு அதுக்கு மேல பாய், வட்டமா. கதிரை வயசானாக்களுக்கும் முழங்கால் ஏலாதாக்களுக்கும் மட்டும், அதுவும் வட்டத்தில ஒரே இடத்தில சேத்துப் போடாமப் பரவலாப் போட்டது. சின்ன ஸ்பீக்கர் ஒண்டு, மைக் ஒண்டு, ஒலிபெருக்கி எண்டா பொலிசில பெர்மிட் எடுக்க வேணும், அது எடுத்தது, கிராம சேவகருக்கும் சொன்னது, பக்கத்து வீடுகளுக்கு நேரில போய்ச் சொல்லிக் கூப்பிட்டது. சத்தம் எண்டு ஆரும் முறைப்பாடு சொல்லேல்ல, சொல்லக்கூடிய ஆக்கள் எல்லாம் வளவுக்குள்ளதான் இருந்தாங்க. சாப்பாடு முழுக்க மரக்கறி, அதால ஆருக்கும் ஆர்ட சட்டியையும் பாத்து யோசிக்க வேண்டி வரேல்ல. காசு வாசலில ஒரு பிஸ்கட் தகரத்தில, விரும்பினாப் போடலாம்.

நடந்தது

நாலே முக்காலுக்குத் தொடங்கிறது எண்டது, நாலே முக்காலுக்கே தொடங்கினது. காத்திருக்க விருந்தினர் இல்ல எண்டா நேரம் தன்ட பாட்டில சரியா வருது, இது நான் எதிர்பாக்காத லாபம். அண்டைக்குக் கச்சான் காத்து நல்லா அடிச்சுது, மைக்கில புஸ் புஸ் எண்டு ஒரே இரைச்சல், ஒரு பொடியன் லேஞ்சியை மடிச்சுச் சுத்திக் கட்டிவிட்டான், கொஞ்சம் அடங்கிச்சு. அதுக்குள்ளயே பாதிப் பேர் மைக் வேணாம் எண்டு வைச்சிட்டுப் பாடினாங்க, வட்டத்துக்கு அது போதும்.

பதிகம் முடிஞ்ச உடன ஒண்டு நடந்தது, அது நிகழ்ச்சி நிரலில இல்ல. வயலின் அங்கிள் கையைத் தூக்கி, "ரீச்சர், அந்தக் கோவில உடைச்சது எங்கட ஆக்கள்தானே, அந்தக் கல்லில கோட்டையும் கட்டிப்போட்டு, இப்ப நான் வந்து உங்களுக்குப் போர்த்துக்கேயப் பாட்டு வாசிக்கப் போறன், பரவாயில்லையோ" எண்டார். 1620கள்ல நடந்த விசயம், பிரட்றிக் கோட்டைக்குள்ளால கோணேசருக்கு ஏறிப்போற எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், ஆனா இப்பிடி ஒராள் எல்லாருக்கும் முன்னால சிரிச்சுக்கொண்டு எடுத்துப் போட்டதை நான் கண்டதில்ல. ஒரு நிமிசம் ஆருக்கும் என்ன சொல்லுறது எண்டு தெரியேல்ல. பிறகு பின்னுக்கு இருந்த ஒரு கிழவர், "நானூறு வருசம் வட்டியோட சேத்து வாசியுங்கோ" எண்டார், வளவே சிரிச்சுது. அதுக்குப் பிறகு அந்தப் பின்னேரம் வேற மாதிரிப் போனது. ஆக்கள் ஆளையாள் கவனமாத் தொடுறதை விட்டிட்டாங்க எண்டு சொல்லலாம்.

றபான்தான் அண்டைக்கு நடு விசயம் எண்டு நான் நினைக்கிறன். சிங்கள அம்மா கொண்டு வந்தது பெரிய றபான், சித்திரைப் புதுவருசத்துக்கு முக்காலியில வைச்சுப் பெண்கள் சுத்தவர இருந்து அடிக்கிறது. தோல் இறுக வேணும் எண்டா சூடு காட்ட வேணும், அதுக்குச் சட்டியில சிரட்டைக் கரி போட்டுக் கீழ வைச்சா. இந்தச் சூடு ஏறுற நேரம் ஒண்டு இருக்கே, அதுக்குள்ளதான் எல்லாம் நடந்தது. அவ ஒண்டும் அடிக்கேல்ல, விரலால தட்டித் தட்டிப் பாத்துக்கொண்டு இருக்கிறா, சுத்தவர பெண்கள் ஒவ்வொருத்தராக் கிட்ட வந்து குந்தினாங்க. கிண்ணியாவில இருந்து வந்த வயசான உம்மா ஒருத்தர், எங்கட பக்கம் பக்கீர்மார் அடிக்கிற றபான் சின்னது, அதையும் இப்பிடித்தான் நெருப்பில காட்டுவாங்க எண்டா. பழையூத்து அன்ரி ஒருத்தர், கஃபரிஞ்ஞாவுக்கும் றபான் இல்லாமச் சரிவராது எண்டா. மூண்டு வீட்டில மூண்டு அளவில அதே சாமான் இருந்திருக்கு, இவ்வளவு காலம் ஒரே ஊரில இருந்தும் அது ஒருத்தருக்கும் தெரியாது. சூடு ஏறினாப் பிறகு எட்டுப் பத்துக் கை ஒண்டா விழுந்துது, முதல்ல குழம்பிச்சு, சிங்கள அம்மா சொல்லு சொல்லிக் குடுத்தா, தமிழ்ப் பிள்ளையள் அதைப் பிழையாத் திருப்பிச் சொல்ல அவ சிரிச்சு, பிறகு அந்தப் பிழையையே எல்லாரும் பிடிச்சுக்கொண்டாங்க. எவ்வளவு நேரம் போனது எண்டு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுறாங்க. பாட்டு வகுப்புக்கு வந்து இருபது வருசமா வாய் திறக்காத ஒரு அக்கா அண்டைக்கு அடிச்ச அடியில அடுத்த நாள் உள்ளங்கை வீங்கிப் போச்சாம்.

ஆறரைக்குக் கிட்ட மஃரிப், பொழுதுபட்டாப் பிறகு வாற தொழுகை. அதுக்காக நிப்பாட்டிறது எண்டு முதலே எழுதி வைச்சது. விறாந்தையைக் கூட்டிப் பாய் போட்டிருந்தது, தொழுறாக்கள் அங்க போனாங்க, ரீச்சர் உள்ள விளக்கு வைச்சா, மற்ற ஆக்களுக்குப் பிளேன்ரீ, கடலை, வடை, கிண்ணியாவால வந்த தயிர், பழையூத்து அன்ரிமார்ட கேக். இடைவேளை எண்டா நிகழ்ச்சி நடத்துறாக்களுக்கு ஒரு பயம், சனம் கழண்டிரும் எண்டு. இங்க ஒருத்தரும் கழரேல்ல, ஏனெண்டா வெளிக்கிட நினைச்ச ஆளுக்கும் கையில ஒரு கோப்பை இருந்தது, கோப்பையைக் குடுத்தது ஒரு தெரியாத ஆள். நான் பிறகு கதைச்ச ஆக்கள்ல கனபேர் பாட்டைச் சொல்ல முதல் இந்த அரை மணித்தியாலத்தைத்தான் சொன்னாங்க. ரயில்வே ஐயாவும் சம்பூர் அண்ணாவியாரும் கடலைத் தட்டோட மாமரத்துக்குக் கீழ நிண்டு கதைச்சதை நானே கண்டன், ஆளுக்குப் பாதிப் பாசைதான் தெரியும், நடுவில ஒரு பத்து வயசுப் பொடியன் மொழிபெயர்ப்பு, அவனுக்குக் கூலி வடை.

தொழுகை முடிஞ்சு களிகம்பு. ஆளுக்கு ரெண்டு கம்பு, வட்டமா நிண்டு பாட்டுக்குத் தக்கமாதிரி ஆளையாள் மாத்தி அடிக்கிறது, கண் தப்பினா விரல் போச்சு. மாஸ்டர் தன்ட பொடியன்மாரை ரெண்டு சுத்து ஆடவிட்டிட்டு, பிறகு ஒண்டு விட்டு ஒராளை வெளிய எடுத்து அந்த இடத்துக்குச் சபையில இருந்து ஆள் போட்டார். இது கெட்டித்தனமான வேலை. ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள் நிக்கேக்க தெரியாத ஆளும் தாளத்துக்குள்ள வந்திருவார், தெரியாதாக்களை மட்டும் தனிய ஆடவிட்டிருந்தா அது கூத்தாப் போயிருக்கும், நல்ல அர்த்தத்தில இல்ல.

கூத்து எண்டோண்ண சொல்ல வேணும். அண்ணாவியார் கொண்டு வந்தது வடமோடி எண்ட கூத்து வகையில இராவணன்ட வரவு, அவர் முதல்ல களரிக்கு வாற கட்டம், மட்டும், விடிய விடிய ஆடுற கூத்தில இருந்து ஒரு இருபது நிமிசத் துண்டு. எங்கட ஊரில இராவணன் வந்தா சும்மாவே ஒரு மதிப்பு, சுவாமிமலையில இராவணன் வெட்டு இருக்கு, கன்னியாயில தாய்க்குக் கடன் கழிச்ச ஏழு கிணறு இருக்கு, ஆரும் அவரைக் கெட்டவர் எண்டு லேசில சொல்லமாட்டாங்க. 1960கள்ல பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில கூத்தை எடுத்துச் சுருக்கி, வட்டக்களரியில இருந்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டு வந்தது எங்கட நாடக வரலாற்றில பெரிய விசயம், மௌனகுரு இராவணனா ஆடின இராவணேசனை இண்டைக்கும் சொல்லுவாங்க. அதை நான் குறை சொல்ல வரேல்ல, அது நடக்காட்டி படிச்ச சனம் கூத்தைத் திரும்பிப் பாத்திருக்காது. ஆனா ஒண்டு இழந்ததும் உண்மை, களரியில நாலு பக்கமும் சனம், ஆடுறவன்ட முதுகும் ஒராளுக்கு முகம், பிற்பாட்டு ஆக்களும் பாக்கிற ஆக்களும் எங்க பிரியுறாங்க எண்டு சரியாச் சொல்லேலாது. படச்சட்ட மேடைக்கு வந்தாப் பிறகு நாங்க கீழ, இருட்டுக்குள்ள, கதிரையில. அண்டைக்கு வளவில அண்ணாவியார் சல்லரி எண்ட தாளத்தை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைட கையில குடுத்திட்டு, தருவை, அதாவது ஆட்டத்தோட வாற கூத்துப் பாட்டை, எல்லாருக்கும் ரெண்டு தரம் சொல்லிக் குடுத்து, "நீங்க இழுக்காட்டி இராவணன் நிண்ட இடத்திலயே நிப்பான்" எண்டார். முதல் தரம் சனம் இழுக்கேல்ல. ஆடின பொடியன் சொன்னமாதிரியே காலைத் தூக்கினபடி நிண்டான், ஆடேல்ல. அதுக்குப் பிறகு வந்த பிற்பாட்டு கடல் வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசியா கஃபரிஞ்ஞா. வயலின், மண்டலின், றபான், அந்த ஆறு-எட்டுத் தாளம், பைலாவுக்குத் தாய் எண்டு சொல்லுறது சும்மா இல்ல, காலே நிக்காது. முதல்ல பழையூத்து அங்கிள்மார் அன்ரிமார் சோடியா ஆடிக் காட்டினாங்க, பாவாடை நுனியைப் பிடிச்சு, எதிரெதிரா, அளவா. பிறகு என்ன, ஆடாதது கதிரை மட்டும்தான். முஸ்லிம் பெண்கள் ஆட வரேல்ல, ஆரும் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தவும் இல்ல, அவங்க றபானைச் சுத்தி இருந்து தாளம் பிடிச்சாங்க, அந்தத் தாளம் இல்லாட்டி ஆட்டமும் இல்ல.

ஏன் இப்பிடி நடந்தது

சேந்து பாடுறதால ஆக்கள் கெதியா ஒட்டுறாங்க எண்டது எங்கட கோவில் பசனைக்கும் பள்ளிவாசல் மௌலூதுக்கும் போற எல்லாருக்கும் தெரிஞ்சது, ஆனா அதை அளந்தும் பாத்திருக்கிறாங்க. 2015ல ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, இங்கிலாந்தில வளர்ந்தாக்களுக்கான வகுப்புகளை ஏழு மாசம் தொடர்ந்து பாத்தது, ஒரு பக்கம் பாட்டு வகுப்பு, மற்றப் பக்கம் கைவேலை வகுப்பும் எழுத்து வகுப்பும். முதல் மாசத்திலயே பாட்டு வகுப்பு ஆக்கள் மற்ற வகுப்புகளை விடக் கெதியா நெருங்கீட்டாங்க. இதைப் பிடிச்சுக்கொண்டு பாட்டுதான் எல்லாம் எண்டு சொல்லுறாக்கள் அதே ஆய்விண்ட மிச்சத்தைச் சொல்லுறதில்ல, ஏழு மாசம் முடியேக்க மற்ற வகுப்பு ஆக்களும் அதே அளவுக்கு வந்திட்டாங்க. பாட்டு செய்யிறது அந்த முதல் கூச்சத்தை உடைக்கிறது. நெருக்கம் நிக்கிறதுக்குத் திரும்பத் திரும்பக் காண வேணும், அது தையல் வகுப்பெண்டாலும் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019ல 3000க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேத்துப் பாத்து, கலையில ஈடுபடுறது உடம்புக்கும் மனதுக்கும் நல்லது எண்டு ஒரு அறிக்கை போட்டது, அதுலயும் பாக்கிறது மட்டும் இல்ல, செய்யிறதும் சேத்துத்தான் கணக்கு.

உவர்மலையில நடந்ததை இதோட வைச்சுப் பாத்தா எனக்கு ரெண்டு விசயம் பெருசாத் தெரியுது. ஒண்டு, ரீச்சர்ட சட்டம் ஆக்கள்ட கெட்டித்தனத்தைக் கேக்கேல்ல. றபானில கை பிழைச்சாலும் எட்டுக் கைக்குள்ள அது காணாமப் போகும், தருவை சுருதி இல்லாம இழுத்தாலும் நூறு வாய்க்குள்ள அது போகும். எங்கட சனம் மேடையில ஏறாததுக்கு வெட்கத்தை விட, பிழைச்சா ஊர் சொல்லும் எண்ட பயம்தான் காரணம், வட்டத்துக்குள்ள சொல்லுறதுக்கு ஊர் மிச்சம் இருக்கேல்ல, எல்லாரும் பிழைச்சுக்கொண்டு இருந்தாங்க. மற்றது, இந்த நாலு கலையிலயும் சபைக்கு ஒரு இடம் முந்தியே இருக்கு. தருவில இருக்கு, களிகம்பு வட்டத்தில இருக்கு, றபானைச் சுத்தி இருக்கு, கஃபரிஞ்ஞாவில எதிர்ச் சோடியா இருக்கு. நாங்க புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கேல்ல, விழாக்கள் எடுத்துப் போட்டதைத் திருப்பி வைச்சது, அவ்வளவுதான். பிரதம விருந்தினரை நான் இவ்வளவு நேரம் நக்கலடிச்சாலும் அந்த மனுசன்ட பிழையில்ல அது, அவரை நடுவில வைச்சா எல்லாரும் அவர்ட பக்கம் திரும்பி இருக்க வேண்டி வருது, ஆளையாள் பாக்கேலாது.

சரிவராததும் வராத ஆக்களும்

கவிதை வாசிப்பு படுத்துப் போச்சு. தருமு சிவராமு, பிரமிள் எண்டு தமிழ்நாட்டில கொண்டாடுற ஆள், 1939ல இந்த ஊரில பிறந்தவர், 1895ல மோகனாங்கி எண்டு தமிழிண்ட முதல் வரலாற்று நாவலை எழுதின சரவணமுத்துப்பிள்ளையும் இந்த ஊர்தான், அதால எழுத்துக்கும் ஒரு இடம் வேணும் எண்டு ஆசைப்பட்டது நியாயம். ஆனா கூத்துக்கும் கஃபரிஞ்ஞாவுக்கும் நடுவில, வெளிச்சம் காணாத இடத்தில, போன் ரோச்சைப் பிடிச்சுக்கொண்டு நீளக் கவிதை வாசிச்சா ஆர் கேப்பான், பின்னுக்கு இருந்தவங்க கதைக்கத் தொடங்கீட்டாங்க, வாசிச்ச தம்பிட முகம் விழுந்து போச்சு. கவிதைக்கு வேற ஒரு நாள், வேற ஒரு சின்ன வட்டம் வேணும், அல்லது கிழக்கிலங்கை முஸ்லிம் ஆக்கள்ட நாட்டார் கவி மாதிரி ஒராள் ஒரு கவி சொல்ல மற்றாள் எதிர்க்கவி சொல்லுற அமைப்பா இருந்தாத் தாங்கும்.

வராத ஆக்கள் இதை விட முக்கியம். திருக்கடலூரில இருந்து ஒருத்தரும் வரேல்ல, கூப்பிட்டது, ஆனா கடலுக்குப் போறாக்களுக்கு பின்னேரம் எண்டது வலையோட வெளிக்கிடுற நேரம், ஓய்வெடுக்கிற நேரமில்ல. அவங்களையும் சேர்க்க வேணும் எண்டா பகல் பத்து மணிக்கு வைக்க வேணும், அப்ப கந்தோர் ஆக்கள் வரமாட்டாங்க. ரியூசன் இருக்கிற, ஓஎல் எண்ட பதினொராம் வகுப்புச் சோதனை எடுக்கிற பிள்ளையள் வரேல்ல. ஏழு மணிக்குப் பிறகு பொம்பிளைப் பிள்ளையளை விடமாட்டம் எண்ட வீடுகள் எல்லாச் சமூகத்திலயும் இருக்கு, அந்தப் பிள்ளையள் மஃரிப்போட எழும்பிப் போச்சுதுகள், களிகம்பைக் காணேல்ல. திரும்பிப் போக ஓட்டோ ஒழுங்கு பண்ணினது கடைசி நேரத்தில, அதை நிகழ்ச்சி மாதிரியே முதல்ல யோசிக்க வேண்டிய விசயம், ஏனெண்டா எப்பிடி வீட்ட போறது எண்ட யோசனை மண்டைக்குள்ள இருக்கிற ஆளால கை தட்டேலாது.

சிங்களத்தில விளக்கம் சொல்ல ஒழுங்கா ஆள் இருக்கேல்ல எண்டதும் ஒரு குறை. பொடியன்மார் சமாளிச்சாங்க, ஆனா கூத்திண்ட கதை ரயில்வே ஐயா வீட்டுக்கு அரைவாசிதான் போய்ச் சேர்ந்திருக்கும்.

பிறகு

ஒரு பின்னேரத்தால ஊர் மாறீட்டுது எண்டு எழுதினா அது பொய், காணிப் பிரச்சினை காணிப் பிரச்சினையாத்தான் இருக்கு, பேஸ்புக்கில சண்டையும் குறையேல்ல. சின்னச் சின்ன விசயங்கள் நடந்திருக்கு. பழையூத்து அங்கிளிட்ட ரெண்டு பொடியன்மார் சனிக்கிழமையில வயலினுக்குப் போறாங்க, அதுல ஒருத்தன் கிண்ணியா. றபான் அம்மா வீட்டு முத்தத்தில பெண்கள் கொஞ்சப் பேர் ஞாயிற்றுக்கிழமை கூடுறாங்க, அடிக்கிறதை விடக் கதைக்கிறதுதான் கூட எண்டு அந்த ஐயா முறைப்பாடு சொன்னார், ஆனா பிளேன்ரீ போடுறது அவர்தான். வாய் திறக்காத அந்த அக்கா இப்பவும் பாடுறதில்ல, றபான் மட்டும்.

மூதூரில இருந்து சில பேர் இதே மாதிரி ஒண்டு வைக்கலாமோ எண்டு கேட்டு வந்தாங்க, பட்ஜெட் எவ்வளவு, ஆரைப் பிரதம விருந்தினராப் போடலாம் எண்டதுதான் முதல் கேள்வி. ரீச்சர் பதில் சொல்லாம அவங்கட ஊரில ஆரார் என்னென்ன அடிக்கிறாங்க, ஆர் வீட்டு வளவு பெருசு, தண்ணி வசதி எப்பிடி, கடைசி பஸ் எத்தினை மணி எண்டு கேட்டு ஒரு கொப்பியில எழுதிக் குடுத்து விட்டா. பிஸ்கட் தகரத்தில சாமான் செலவு போக மிஞ்சின காசு மத்தளத்துக்குப் போகுது, கோவில் மத்தளத்தைத் திருப்பிக் குடுக்க வேணும், அண்ணாவியாருக்குப் புதுசா ஒண்டுக்குப் பலாக்கட்டை பாத்தாச்சு, தோல்தான் இன்னும் சரியா அமையேல்ல, கார்த்திகை மழை தொடங்க முதல் மூட்டி முடிச்சிரலாம் எண்டு சொல்லுறார்.